பதிவேட்டில் இருந்த பெயர்

பதிவுத் தபால் வந்த அன்று கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். தபால்காரர் வண்டியை அணைக்காமலே நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். சென்னையிலிருந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சென்னையில் எனக்கு யாரும் இல்லை. மருந்தாளுநர் என்று என் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்த கவுன்சில் மட்டும்தான் அங்கே இருந்தது. புதுப்பிக்க இன்னும் காலம் இருக்கிறதே என்று யோசித்தபடி உறையின் ஓரத்தைக் கிழித்தேன்.

முதல் பக்கத்தை நின்றபடியே படித்தேன். இன்ன தேதியில், டாக்டர் சீட்டு இல்லாமல், ஊசி போடும் தகுதி இல்லாத நான் ஒருவருக்கு இரண்டு ஊசிகள் போட்டதாகவும், இரண்டாம் நாள் அவர் இறந்துவிட்டதாகவும், அவருடைய மகன் புகார் கொடுத்திருப்பதாகவும் அதில் இருந்தது. என் பெயரைப் பதிவேட்டிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அப்போது ஒரு பெண் வந்து இருமல் மருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகு, சரியான மருந்தைத்தான் கொடுத்தேனா என்று சந்தேகம் வந்து, வாசலுக்கு ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டு பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

நானும் என் கணவரும் கீழே ராசிபுரம் பக்கத்துக்காரர்கள். அவருக்கு மலைமேல் குண்டூர் நாட்டில் அரசுப் பள்ளியில் வாத்தியார் வேலை. பல சிற்றூர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்பார்கள். மாற்றலாகி மலைக்கு வந்த இரண்டாம் வருடம், நான் படித்த படிப்பு வீணாகப் போக வேண்டாம் என்று, வாழவந்தி நாட்டில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மருந்துக்கடை வைத்தோம். ஒற்றை ஷட்டர் கடை. கடைக்கு ஒரு உரிமம், எனக்கு ஒரு பதிவு. என் பதிவு இருக்கும்வரைதான் கடை திறந்திருக்கலாம். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தோம். அதில் இருக்கும் போட்டோவில் எனக்கு இருபத்திரண்டு வயது.

புகாரில் சொன்ன நாள் எனக்கு மறக்கிற நாள் அல்ல.

மிளகு பறிக்கிற பருவம். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். ஒரு டூவீலரில் மூன்று பேர் வந்தார்கள். ஓட்டிவந்தவர் ஒரு இளைஞர். பின்னால் ஒரு பெண். நடுவில் அந்தப் பெண்ணின் கணவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு பேருக்கும் நடுவே சாய்ந்தபடி. ஏணி வைத்து சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது மலைத்தேனீ கலைந்து கொட்டிவிட்டது. முகம், கழுத்து, முதுகு எல்லாம் கொட்டியிருந்தது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். வண்டியில் அதற்கு மேல் அவரை உட்காரவைக்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தோம், அது ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்கியிருந்தது. ஒரு ஜீப்காரருக்குச் சொன்னேன். அவர் சோளக்காடு என்ற ஊரில் இருந்தார், வந்துவிடுகிறேன் என்றார்.

அவரைக் கடை பெஞ்சில் படுக்கவைத்தோம். அந்த இளைஞர் ஜீப்பை எதிர்கொண்டு அழைத்துவர வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வாமைக்கு உள்ள ஊசியும் ஸ்டீராய்டு ஊசியும் என் அலமாரியில் இருந்தன. எந்த அளவு என்று எனக்குத் தெரியும். படிக்கும்போது ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் பயிற்சி எடுத்தபோது ஊசி போடவும் கற்றுக்கொண்டிருந்தேன். ஆனால் மருந்து கொடுப்பவள் நான். ஊசி போடுகிற அனுமதி எனக்கு இல்லை. ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஒவ்வொரு முறையும் அதைத்தான் முதலில் சொல்வார்.

சுகாதார நிலையத்து டாக்டருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன். கீழே வைத்தேன். அந்தப் பெண் ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

“ஊசி இருந்தாப் போட்டுடுங்க அம்மணி.”

டாக்டர் சொல்லாமல் போடக் கூடாதுங்க என்றேன்.  கணவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்றாம் தடவை போன் செய்தேன். நான்காம் தடவையும் செய்தேன். உதடு நீலம் பாய ஆரம்பித்த பிறகுதான் குப்பியை உடைத்தேன்.

ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் மூச்சு கொஞ்சம் இலகுவாயிற்று. தண்ணீர் கேட்டார். ஜீப் வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள். காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அன்று என் கணவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் பால் ஊற்றுகிறவர் வந்து, அவர் நாமக்கல் ஆஸ்பத்திரியில் முந்தின நாள் இறந்துவிட்டதாகச் சொன்னார். துக்கத்துக்குப் போனேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெக்கானிக்காக இருக்கும் மகன் வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில், வெளியில் ஏதோ ஊசி போடப்பட்டிருக்கிறது, என்ன மருந்து என்று தெரியவில்லை என்று எழுதியிருந்ததாம். என்ன மருந்து என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஜீப்பில் கொடுத்துவிட எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியைப் படித்த மகனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

விளக்கத்தை என் கணவர்தான் எழுதினார். அவர் கையெழுத்து அழகாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதினார். “நோயாளியின் உயிருக்கு ஆபத்து இருந்ததை அறிந்து, மருத்துவரைத் தொடர்புகொள்ள முயன்று, அது இயலாத நிலையில் உடனடியாக” என்று எழுதிக்கொண்டே போனார். உடனடியாக என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவராகப் போட்டது. படித்துக் காட்டும்போது அந்த இடத்தில் எனக்கு ஒரு தடங்கல் வந்தது. ஆனால் வாக்கியம் நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

விசாரணைக்குச் சென்னை வரச் சொல்லிக் கடிதம் வந்தது. சேலத்தில் ரயில் ஏறிப் போனோம். காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு வராந்தாவில் நாற்காலிகள் போட்டிருந்தன. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் இல்லை, டாக்டர் எடுக்கவில்லை, உதடு நீலமாயிற்று. வரிசை மாறிவிடுமோ என்று மறுபடி முதலிலிருந்து. சாப்பிடப் போனால் அந்த நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்களோ என்று மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நான்கு பேர். ஒருவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே ஊசி போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன் என்றேன். சீட்டு இருந்ததா என்றார். இல்லை என்றேன். ஆனால் அன்றைக்கு என்று ஆரம்பித்தேன். எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வெளியே வந்தபோது என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. நான் ஏதோ மறந்துவிட்டு எடுக்க வந்ததாக நினைத்திருக்கிறார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆணை வந்தது. ஒரே பக்கம். என் விளக்கம் திருப்திகரமாக இல்லை என்றும், ஆகவே மூன்று வருடங்களுக்கு என் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது என்றும் இருந்தது. சான்றிதழை ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். சட்டத்தின் பின்பக்க ஆணியைக் கழற்றி அதை எடுத்தபோது, சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கடையைப் பூட்டினோம். காரணத்தை எழுதி ஒட்டவில்லை. அதனால் பலரும் வீடு தேடி வந்து கேட்டார்கள். சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வாங்குகிறவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவர். செம்மேட்டுக் கடைக்குப் போங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் பாதி அட்டை பாராசிட்டமால் இருந்தது, அதைக் கொடுக்கவும் பயமாக இருந்தது. என்னைச் சோதிக்க யாரையாவது அனுப்பியிருப்பார்களோ என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். வந்தவர் கைக்குழந்தையோடு நின்ற பெண். அவரைப் பார்த்து அப்படி நினைத்ததற்கு அன்று முழுவதும் எனக்கு என் மேலேயே கோபம்.

என் கணவரோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவரின் உறவுக்காரப் பெண் சென்னையில் வக்கீல். ஆணையை வாட்ஸப்பில் அனுப்பினோம். அன்றே கூப்பிட்டார். திருப்திகரமாக இல்லை என்ற வரியை இரண்டு தடவை எனக்கே படித்துக் காட்டினார். ஏன் திருப்தி இல்லை என்று ஒரு வார்த்தை இல்லையே என்றார். ஆஸ்பத்திரி அறிக்கை ஒன்றைப் பார்த்ததாக ஆணையில் இருக்கிறது, அதன் நகல் உங்களுக்குக் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம் என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “நீங்க செஞ்சது சரியா தப்பான்னு கோர்ட் பார்க்காது மேடம். உங்களை முறையா விசாரிச்சாங்களான்னு மட்டும்தான் பார்க்கும்” என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்தது ஆறுதல். அப்படியானால் அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. இந்த ஆறுதலை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மனு போட்டதும் ஆணைக்கு இடைக்காலத் தடை கேட்டார் வக்கீல். நீதிபதி கொடுக்கவில்லை, எதிர்த்தரப்பு பதில் சொல்லட்டும் என்று நாலு வாரம் தள்ளிவைத்தார். நாலு வாரம் கழித்து அவர்கள் இன்னும் நேரம் கேட்டார்கள். பிறகு வழக்கு எந்த நாளும் வரலாம் என்றார் வக்கீல். முந்தின நாள் சாயங்காலம் வழக்குப் பட்டியல் வெளியாகும், அதில் நம் எண் இருந்தால் மறுநாள் வரும். எங்கள் வீட்டில் நெட் கிடைக்காது. பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு திருப்பத்தில் சிக்னல் நன்றாக இருக்கும். அங்கே வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர் வருவார். அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு வருவேன். இல்லை என்று தலையை ஆட்டுவார். இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம். இப்படி எத்தனை சாயங்காலம் என்று எண்ணவில்லை. சோறு இறங்காமல் ஆள் பாதியாகிவிட்டேன்.

ஒரு நாள் அவர் தலையை ஆட்டவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

இரவே ரயிலேறிப் போய், மறுநாள் சென்னையில் நீதிமன்றத்தின் பின்வரிசை பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் எண் வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது, வேகமாக. நீதிபதி அந்த ஒரு பக்க ஆணையைக் கையில் எடுத்துப் படித்தார். இதில் காரணம் எங்கே இருக்கிறது என்று கவுன்சில் தரப்பு வக்கீலைக் கேட்டார். அவர் கோப்பில் இருக்கிறது என்றார். கோப்பில் இருப்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்றார் நீதிபதி. ஆஸ்பத்திரி அறிக்கையைக் கொடுத்தீர்களா என்றார். கொடுக்கவில்லை என்றார் அவர். ஆணையை ரத்து செய்தார். அறிக்கையின் நகலை எனக்குக் கொடுத்து, இரு தரப்பையும் கேட்டு, சாட்சி இருந்தால் சாட்சியையும் விசாரித்து, காரணத்தோடு புதிதாக ஆணை போடச் சொன்னார். அதற்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார். இவ்வளவும் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. நீதிபதி ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

ஊரில் நான் ஜெயித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். என் பெயர் பதிவேட்டுக்கும் சான்றிதழ் சுவருக்கும் திரும்பியிருந்தன, மறு விசாரணை முடியும்வரை கடையைத் திறக்கலாம். திறந்த முதல் நாள் ஒருவர் வாழைத்தார் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோர்ட்டே சொல்லிருச்சாமே அம்மணி என்றார். கோர்ட் என்ன சொன்னது என்று அவருக்கு விளக்க முயன்று பாதியில் விட்டுவிட்டேன்.

சில நாளில் ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. அவர் உடம்பில் கொட்டு அளவுக்கு மீறி இருந்ததால் விஷம் ஏறிச் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருக்கிறார். வெளியில் போட்ட ஊசிகள் இறப்புக்குக் காரணம் என்று சொல்ல இடமில்லை என்று சிகிச்சை கொடுத்த டாக்டர் எழுதியிருந்தார். வக்கீல் குரலில் உற்சாகம் தெரிந்தது. இறந்தவரின் மனைவியைச் சாட்சியாகக் கூப்பிடலாம் என்றார். புகார் கொடுத்தவரின் அம்மாவே வந்து, இவங்கதான் உதவினாங்க என்று சொன்னால் கேஸ் முடிந்தது என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். கடையிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர், கடைசிக் கிலோமீட்டர் மண் ரோடு. அவர் வாசலில் மரவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி ஸ்டூல் எடுத்துப் போட்டார். விசாரணைக்குச் சென்னை வர முடியுமா என்று கேட்டேன். என்ன கேட்பார்கள் என்றார். அன்றைக்கு நடந்ததைக் கேட்பார்கள் என்றேன். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். வந்த உடனே ஊசி போட்டேன்னு சொன்னீங்கன்னா போதும். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அக்கா, அன்னிக்கு நீங்க வந்த உடனே...” என்று ஆரம்பித்தேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“உடனே இல்லீங்களே அம்மணி. ரொம்ப நேரம் நின்னீங்க. பாத்துட்டுத்தான இருந்தேன்.”

 அவர் குரலில் கோபம் இல்லை. மழை எப்போது வந்தது என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, “கேட்டாச் சொல்லுவேன். கேக்கலீன்னா நானாச் சொல்ல மாட்டேன்” என்றார். மகன் புகார் கொடுத்ததில் அவருக்கு வருத்தமா என்று கேட்டேன். “அவனோட அப்பன். அவன் கேக்கறதுல தப்பு ஒண்ணுமில்லீங்க” என்றார். வருவதாக ஒப்புக்கொண்டார். திரும்பும்போது மண் ரோட்டில் இரண்டு இடத்தில் வண்டி சறுக்கப் பார்த்தது.

அன்றைக்குத்தான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். பன்னிரண்டு நிமிஷம் என்றேன். அவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றார். போனில் இருந்தது. அவர்கள் வந்ததும் ஆம்புலன்ஸுக்கு அடித்த நேரமும், டாக்டருக்கு நான் செய்த நான்கு அழைப்புகளின் நேரமும், ஊசி போட்டு முடித்ததும் ஜீப்காரருக்கு அடித்த நேரமும். அன்றே பார்த்துவிட்டேன், பிறகு பல தடவை பார்த்தேன். உடனடியாக என்று தான் எழுதியதை அவர் நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது. மாற்றி எழுதிக் கொடுத்துவிடலாமா என்றார். வக்கீல் வேண்டாம் என்றார். புகாரில் இருப்பது சீட்டில்லாமல் ஊசி போட்டது மட்டும்தான், தாமதம் என்று யாரும் குற்றம் சொல்லவில்லை, நாமாகப் போய் ஏன் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது வக்கீல் சொல்ல வேண்டியதுதான்.

மறு விசாரணை அன்று அதே வராந்தா. இந்தத் தடவை எங்கள் பக்கத்து நாற்காலியில் அந்த அக்கா. அவருக்கு ரயில் பயணம் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்திருந்தார். எதிரில் மகன். அம்மாவைப் பார்த்து எழுந்து வந்து, சாப்பிட்டியா என்று கேட்டார். எங்களிடம் பேசவில்லை. ஆனால் அம்மாவுக்கு வாங்கிவந்த டீயோடு எங்களுக்கும் இரண்டு வாங்கிவந்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஆற விட்டோம்.

உள்ளே இந்தத் தடவை அவசரம் இல்லை. ஆஸ்பத்திரி அறிக்கையைத் தமிழில் சொல்லி மகனுக்கு விளக்கினார் நடுவில் இருந்த பெரியவர். ஊசியால் உங்கள் அப்பா சாகவில்லை என்றார். மகன் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று பெரியவர் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பினார்.

“எங்கப்பா உங்க கடைக்கு வந்ததுக்கும் நீங்க ஊசி போட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நேரங்க?”

என்னோடு உள்ளே வந்திருந்த வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார்.  அக்காவை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

“பன்னிரண்டு நிமிஷங்க” என்றேன். “விளக்கத்துல உடனடியாகன்னு இருக்கு. அது சரியில்ல. டாக்டருக்கு அடிச்சுப் பாத்துட்டே இருந்தேன். லைசென்ஸ் போயிருமோன்னு பயந்தேன். அதான் நின்னேன்.”

 எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லுங்க என்றார். மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிஷம் முன்னாடி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகன் பெரியவரைக் கேட்டார். அவர் அறிக்கையை மறுபடி புரட்டினார். இவ்வளவு விஷம் ஏறியபின் அதைச் சொல்ல முடியாது என்றார். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அக்காவைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார். “ஆமாங்க, அவ்வளவு நேரம் இருக்கும். அப்பறம் போட்டாங்க. மூச்சு வந்துச்சு, தண்ணி கேட்டாரு. அங்க வேற யாரும் இல்லீங்க, அவங்க ஒருத்திதான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது எனக்கு ஆதரவாகச் சொன்னதா என்று வக்கீல் வெளியே வந்து என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அக்கா நடந்ததைச் சொன்னார்.

ஆணை வருவதற்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் தபால்காரர் வண்டி எங்கள் பக்கம் திரும்பினால் நான் கடை வாசலுக்கு வந்து நிற்பேன். அவருக்கே அது தெரிந்துபோய், வளைவிலேயே கையை அசைத்து ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டுப் போவார். கடைசியில் வந்தது. நாலு பக்கம். தகுதியில்லாமல் ஊசி போட்டது விதிமீறல்தான். ஆனால் வேறு வழியில்லாத நெருக்கடியில் நடந்தது. விளக்கத்தில் தவறான ஒரு சொல் இருந்தது, அதைச் சம்பந்தப்பட்டவரே திருத்தினார். எச்சரிக்கையும் ஆறு மாத நீக்கமும். கடை ஏற்கனவே பூட்டியிருந்த காலத்தை அதில் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது.

இதையும் எதிர்க்கலாம் என்றார் வக்கீல். வேண்டாம் என்றேன். முதல் ஆணையைவிட இதில் என்னைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தார்கள், ஆனால் படித்து முடித்தபோது என்னைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று இருந்தது. மறுபடி சான்றிதழைக் கழற்றி அனுப்பினேன். இந்தத் தடவை ஷட்டரில் காரணத்தை எழுதி ஒட்டினோம். என் கணவர்தான் எழுதினார், ஒவ்வொரு சொல்லையும் என்னிடம் கேட்டு.

கடை திறந்து இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிதாக வந்திருக்கும் சுகாதார நிலையத்து டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய எண்ணும் இரண்டு நர்சுகளின் எண்ணும் கடையில் பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். மூன்று ஜீப்காரர்களின் எண்ணும். இது போதுமா என்று கேட்டால் தெரியாது. யாராவது அவசரமாக வண்டியை நிறுத்தினால் இன்னும் முதலில் அந்த பெஞ்சைத்தான் பார்க்கிறேன்.

திறந்த சில வாரத்தில் திருப்பூரிலிருந்து போன் வந்தது. அந்த மகன். குரல் அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த அட்டையைக் கவுண்டரில் வைத்தேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒன்றை வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றார். அம்மா மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவதில்லை, மாசாமாசம் வந்து வாங்கிக்கொள்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சரிங்க, பாத்துக்கறேன் என்றேன்.

அக்கா மாதம் முதல் வியாழக்கிழமை வருவார். டாக்டர் சீட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருப்பார். சீட்டைப் பார்த்து, மாத்திரையின் பெயரை இரண்டு தடவை வாசித்து, அட்டையை அவர் கையில் கொடுப்பேன். போன மாதம் வியாழக்கிழமை அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அவரிடம் போன் கிடையாது. மாத்திரை இன்றைக்கு நாளைக்குத் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது நாலு மணி பஸ் வந்து நின்றது. பின்படிக்கட்டில் கூடையோடு ஒரு பெண் இறங்கினார். அது அக்கா இல்லை. அவருக்குப் பின்னால் இறங்கியவர்தான் அக்கா. மகள் வீட்டு விசேஷத்துக்குக் குண்டனி நாட்டுக்குப் போயிருந்தாராம். மாத்திரையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேனே அம்மணி, இன்னும் ரெண்டு இருக்குது என்று சொல்லி, பாதி இறங்கியிருந்த ஷட்டரையும் என்னையும் பார்த்தார்.